பிஐ சர்வர் போடும் முன்: ரேம், டிஸ்க், போர்ட் கணக்கு

பிஐ (பிசினஸ் இன்டெலிஜென்ஸ்) என்பது டேட்டாபேஸில் உள்ள எண்களை ரிப்போர்ட்டாகவும் டாஷ்போர்டாகவும் காட்டும் மென்பொருள். அதில் ஒன்றான, மைக்ரோசாஃப்டின் பவர் பிஐ ரிப்போர்ட் சர்வரின் தேவைப் பட்டியலைத் திறந்தால் ரேம் குறைந்தபட்சம் 1 ஜிபி, பரிந்துரை 4 ஜிபி, பிராசஸர் 1.4 ஜிகாஹெர்ட்ஸ், டிஸ்க்கில் 1 ஜிபி இடம் என்று போட்டிருக்கும். படித்தவுடன், மூலையில் தூசி படிந்து கிடக்கிற பழைய டெஸ்க்டாப்பே இதற்குப் போதும் போலிருக்கிறதே என்று தோன்றும். அந்த எண்களில் பொய் ஒன்றும் இல்லை. இன்ஸ்டாலர் பிழை காட்டாமல் ஓடி முடியும், சர்வீஸ் எழுந்து நிற்கும், அவ்வளவுக்குத்தான் அவை உத்தரவாதம். மாதக் கடைசியில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் விற்பனை ரிப்போர்ட்டைத் திறந்தால் என்ன ஆகும் என்பது உங்கள் டேட்டாவையும் உங்கள் ஆட்களையும் பொறுத்த விஷயம், பட்டியல் எழுதியவருக்கு இரண்டுமே தெரியாது.

நான் இதில் ஒருமுறை நன்றாகவே கையைச் சுட்டுக்கொண்டேன். 32 ஜிபி ரேம் உள்ள மெஷின், அதில் ஏற்கெனவே பில்லிங் டேட்டாபேஸ் எஸ்க்யூஎல் சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் பாதி ரேம் சும்மா கிடந்தது. சரி, இங்கேயே ரிப்போர்ட்டிங் சர்வீசஸையும் (ரிப்போர்ட் காட்டுவது) அனாலிசிஸ் சர்வீசஸையும் (ரிப்போர்ட்டுக்கான டேட்டாவை மாடலாக ரேமில் வைப்பது) போட்டுவிடலாம் என்று போட்டேன். முந்தின நாள்தான் மெஷினை ரீஸ்டார்ட் செய்திருக்கிறார்கள், அதனால்தான் ரேம் காலியாகத் தெரிந்தது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அந்த வாரக் கடைசிக்குள் எஸ்க்யூஎல் சர்வர் தன் வழக்கப்படி கிடைத்த ரேமையெல்லாம் எடுத்துக்கொண்டது. ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு யாரோ மாடலை ரெஃப்ரெஷ் செய்ய, ரேம் தீர்ந்து விண்டோஸ் டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைலுக்கு ஓட, பில் போடுகிற திரைகள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டன. அன்று என்னைத் தேடி வந்தவர்கள் யாரும் ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசவில்லை.

ஆகவே இந்தக் கட்டுரையில் "இவ்வளவு கோர், இவ்வளவு ரேம் வாங்குங்கள்" என்று ஒரே வரியில் சொல்லப் போவதில்லை. எதை எதோடு சேர்த்து வைக்கிறோம், யாருக்கு எவ்வளவு என்று முதலிலேயே பிரித்துக் கொடுத்தோமா என்பதுதான் எல்லாவற்றுக்கும் மேலே. எஸ்க்யூஎல் சர்வர் சார்ந்த எடுத்துக்காட்டுகள் அதிகம் வரும், ஏனென்றால் நான் அதிகம் புழங்கியது அதில்தான். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் வைத்திருக்கும் ஆட்களுக்கும் விஷயம் இருக்கிறது.

ஆள் கணக்கு

"எங்களிடம் 200 யூசர் இருக்கிறார்கள்" என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஒரே நேரத்தில் எத்தனை பேர் கிளிக் செய்வார்கள் என்பதுதான் வேண்டும். 200 பேரில் பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 20 பேர். ஒரு டாஷ்போர்டில் 12 கட்டங்கள் (வரைபடம், எண், பட்டியல் என்று) இருந்தால், ஒவ்வொரு கட்டமும் டேட்டாபேஸுக்குத் தனித்தனிக் குவெரி, அதாவது டேட்டா கேட்கும் கட்டளை, அனுப்பும். 20 பேர் ஒன்பது மணிக்கு ஒன்றாகத் திறந்தால் 240 குவெரி. ஒவ்வொன்றும் ஒரு கோரை 2 விநாடி பிடித்துக்கொண்டால் 480 கோர்-விநாடி வேலை. 8 கோர் இருந்தால், மற்ற எந்த வேலையும் இல்லாவிட்டாலும்கூட, கடைசி ஆளுக்கு டாஷ்போர்டு முழுதாக வர ஒரு நிமிடம் ஆகும். கோரை 16 ஆக்கினால் அரை நிமிடம். டாஷ்போர்டில் கட்டங்களை 6 ஆகக் குறைத்து, பகல் முழுக்க மாறாத எண்களை ஒரு சுருக்க டேபிளில் இரவே போட்டு வைத்தால் அதே 8 கோரில் சில விநாடிகளில் முடிந்துவிடும். ஹார்ட்வேர் வாங்கும் முன் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், பாதி பேருக்கு ஆர்டரே மாறிவிடும்.

அடுத்து, டேட்டா எவ்வளவு புதிதாக இருக்க வேண்டும் என்பது. நேற்று இரவு வரைக்கும் போதுமா, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையா, இந்த நிமிடம் வேண்டுமா? "இந்த நிமிடம்" என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த எண்ணைப் பார்த்து என்ன முடிவு எடுப்பீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் நேற்று இரவுக்கு இறங்கி வந்துவிடுவார்கள்.

இதைக் கேட்பதற்குக் காரணம், சுமை எங்கே விழும் என்பதையே அந்தப் பதில்தான் தீர்மானிக்கிறது. டேட்டாவை இழுத்து பிஐ மாடலுக்குள் வைத்துக்கொள்கிற இம்போர்ட் முறையில், ரெஃப்ரெஷ் நேரத்தில் மட்டும் டேட்டாபேஸ் அடி வாங்கும், பகலில் சுமை முழுக்க பிஐ மெஷினின் ரேமில். டைரக்ட் குவெரி முறையில் பிஐ மெஷின் ஹாயாக இருக்கும், ஒவ்வொரு கிளிக்கும் நேராக டேட்டாபேஸின் தலையில் போய் இறங்கும். முதல் வகைக்கு பிஐ மெஷினில் ரேம், இரண்டாம் வகைக்கு டேட்டாபேஸ் மெஷினில் கோரும் டிஸ்க்கும். எந்த முறை என்று முடிவாகாமல் ஸ்பெக் எழுதிக் கேட்டால் எழுதிக் கொடுக்காதீர்கள்.

ஒரே உறையில் எத்தனை வாள்

முடிந்தால் பிஐயைத் தனி மெஷினில் போடுங்கள். முடியாது என்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் லைசென்ஸ், அது நியாயமான காரணமும்கூட: எஸ்க்யூஎல் சர்வரோடு வரும் ரிப்போர்ட்டிங் சர்வீசஸை வேறு மெஷினில் நிறுவினால் அந்த மெஷினுக்கும் தனி எஸ்க்யூஎல் சர்வர் லைசென்ஸ் வேண்டும், கோர் கணக்கில் வாங்கினால் ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குக் குறைந்தது 4 கோருக்கு வாங்க வேண்டும். பட்ஜெட் பேசுகிறவரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், கடைசியில் சொன்னால் உங்கள் மேல்தான் விழும்.

சரி, ஒரே மெஷின்தான் என்று முடிவாகிவிட்டது. அப்போது செய்ய வேண்டிய முதல் வேலை ரேமைப் பங்கு பிரிப்பது. ஏனென்றால் சொல்லாவிட்டால் மூன்று சர்வீஸும் முழு மெஷினும் தனக்கே எழுதி வைத்தது என்றுதான் நினைத்துக்கொள்ளும். எஸ்க்யூஎல் சர்வரின் மேக்ஸ் சர்வர் மெமரி இயல்பு மதிப்பு 2147483647 எம்பி, அதாவது வரம்பே இல்லை. அனாலிசிஸ் சர்வீசஸின் டோட்டல் மெமரி லிமிட் இயல்பாக 80, அதாவது மெஷினின் மொத்த ரேமில் 80 சதவீதம், பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் அது பார்க்காது. ரிப்போர்ட்டிங் சர்வீசஸும் வரம்பு எழுதாவிட்டால் மெஷினில் கிடைக்கிற ரேம் முழுவதையும் தன் உச்சவரம்பாக எடுத்துக்கொள்ளும். எஸ்க்யூஎல் சர்வர் 2019 முதல் இன்ஸ்டாலரே ஒரு மேக்ஸ் மெமரி அளவைப் பரிந்துரைக்கிறது, நல்ல விஷயம்தான், ஆனால் அதே மெஷினில் நாளைக்கு நீங்கள் அனாலிசிஸ் சர்வீசஸ் போடப் போவது அதற்குத் தெரியாது.

64 ஜிபி மெஷினை நான் பிரிக்கும் விதம் இது: விண்டோஸ், ஆன்டிவைரஸ், பேக்கப் ஏஜென்ட் எல்லாவற்றுக்கும் சேர்த்து 8, எஸ்க்யூஎல் சர்வருக்கு 28, அனாலிசிஸ் சர்வீசஸுக்கு 16, ரிப்போர்ட்டிங் சர்வீசஸுக்கு 8. மிச்சம் 4 ஜிபியை யாருக்கும் கொடுப்பதில்லை. மேக்ஸ் சர்வர் மெமரி என்பது எஸ்க்யூஎல் சர்வர் எடுக்கும் எல்லாவற்றையும் அடக்காது, த்ரெட் ஸ்டாக், லிங்க்டு சர்வர் டிரைவர் போன்றவை அந்த வரம்புக்கு வெளியே சாப்பிடும், அதற்காக அந்த 4.

இந்த மூன்று வரம்பையும் எழுதும்போது ஒரு வேடிக்கை இருக்கிறது. மூன்றுக்கும் மூன்று அலகு. எஸ்க்யூஎல் சர்வரில் எம்பி, எனவே 28 ஜிபிக்கு 28672. ரிப்போர்ட்டிங் சர்வீசஸின் கான்ஃபிக் ஃபைலில் வொர்க்கிங் செட் மேக்ஸிமம் என்ற வரியை நீங்களே சேர்க்க வேண்டும், அதில் கேபி, 8 ஜிபிக்கு 8388608. அனாலிசிஸ் சர்வீசஸில் 100 வரைக்கும் எழுதினால் சதவீதம், அதற்கு மேல் எழுதினால் பைட். 16 ஜிபி என்று நினைத்து வெறும் 16 என்று எழுதினால் 16 சதவீதம் ஆகிவிடும், 64 ஜிபி மெஷினில் அது பத்து ஜிபிதான். மாடல் ரெஃப்ரெஷ் மெமரி போதவில்லை என்று விழும், நீங்கள் "16 கொடுத்தேனே" என்று முழித்துக்கொண்டிருப்பீர்கள். 17179869184 என்று முழுதாக எழுதுங்கள். அதோடு, லோ மெமரி லிமிட் இயல்பாக 65 சதவீதத்தில் நிற்கும், அதையும் டோட்டலுக்குக் கீழே இறக்கி வையுங்கள்.

ரெஃப்ரெஷ் நேரத்து இரட்டை ரேம்

அனாலிசிஸ் சர்வீசஸில் டேபுலர் மாடல் (டேட்டாவைச் சுருக்கி ரேமில் வைக்கும் வகை) வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது தடுக்கி விழும் இடம் இது. மாடல் டிஸ்க்கில் 6 ஜிபி இருக்கிறது, 10 ஜிபி ரேம் கொடுத்தேன், ஏன் ரெஃப்ரெஷ் விழுகிறது? முழுப் பிராசஸ், அதாவது முழு ரெஃப்ரெஷ், நடக்கும்போது பழைய மாடல் யூசர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு ரேமிலேயே இருக்கும், புதியது பக்கத்திலேயே கட்டப்படும், கட்டி முடித்து கமிட் ஆன பிறகுதான் பழையது போகும். ஆக அந்த நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு ரேம், அதற்கு மேல் யூசர் குவெரிகளுக்குக் கொஞ்சம். 6 ஜிபி மாடலுக்கு 15 ஜிபியாவது கையில் இருக்க வேண்டும்.

இப்போது எஸ்க்யூஎல் சர்வர் ஸ்டாண்டர்டு எடிஷனில் டேபுலருக்கு இன்ஸ்டன்ஸுக்கு 16 ஜிபிதான் வரம்பு என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். மெஷினில் 256 ஜிபி ரேம் போட்டாலும் மாடல் 7, 8 ஜிபியைத் தொடும்போதே முழுப் பிராசஸ் திணறத் தொடங்கும். அப்போது வழி பார்ட்டிஷன் பிரித்து மாறிய மாதத்தை மட்டும் பிராசஸ் செய்வது, அல்லது டேபிளில் தேவையில்லாத நெடுவரிசைகளைத் தூக்குவது. இரண்டாவதில்தான் அதிகப் பலன். நெடுவரிசைவாரியாகச் சுருக்குகிற எஞ்சினில் ஒரே மதிப்பு திரும்பத் திரும்ப வந்தால் நன்றாகச் சுருங்கும், ஒவ்வொரு வரிக்கும் வேறு மதிப்பு இருந்தால் சுருங்கவே சுருங்காது. விநாடி வரைக்கும் உள்ள டேட்-டைம் நெடுவரிசை, பரிவர்த்தனை ஐடி, யாரும் படிக்காத குறிப்பு நெடுவரிசை, இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் மாடல் பாதியானதை நான் பார்த்திருக்கிறேன். ரேம் வாங்க ஆர்டர் போடும் முன் செய்ய வேண்டிய வேலை அது.

ஸ்டாண்டர்டு எடிஷனின் மற்ற வரம்புகள், 2022 பதிப்பைப் பொறுத்தவரை: 4 சாக்கெட் அல்லது 24 கோர், எது குறைவோ அது, டேட்டாபேஸ் எஞ்சினின் பஃபர் பூலுக்கு (டேட்டாவை ரேமில் வைத்துக்கொள்ளும் இடம்) 128 ஜிபி. அதே 2022இல் இலவசமாகக் கிடைக்கும் எக்ஸ்பிரஸில் டேட்டாபேஸ் ஒன்றுக்கு 10 ஜிபி, பஃபர் பூலுக்கு 1410 எம்பி, 4 கோர். பிஐக்கு எக்ஸ்பிரஸ் என்று யாராவது ஆரம்பித்தால் பழகிப் பார்க்க மட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

போஸ்ட்கிரெஸ் பக்கம் கதை வேறு மாதிரி. டேட்டாவை ரேமில் வைத்துக்கொள்ளும் ஷேர்டு பஃபர்ஸ் இயல்பாக 128 எம்பி, அதைத் தனி டேட்டாபேஸ் சர்வரில் மொத்த ரேமில் கால் பங்கில் இருந்து ஆரம்பிக்கலாம் என்பது அவர்களே சொல்லும் வழி. அது எளிது, எல்லோரும் செய்துவிடுவார்கள். சிக்கல், குவெரியின் இடைவேலைக்கு ரேம் ஒதுக்கும் வொர்க் மெம்மில்தான். இயல்பு 4 எம்பி, பிஐ குவெரிகளுக்கு அது பத்தாது, வரிசைப்படுத்தும் சார்ட்டும் டேபிள்களைப் பொருத்தும் ஹாஷும் டிஸ்க்குக்கு வழிந்து டெம்ப் ஃபைல்கள் உருவாகும். அதனால் ஒரேயடியாக ஏற்றிவிடுவார்கள். ஆனால் அந்த அளவு கனெக்‌ஷனுக்கு ஒன்று கிடையாது, குவெரிக்குள் இருக்கும் ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஹாஷுக்கும் தனித்தனி. 64 எம்பி என்று வைத்தால், ஒரு குவெரியில் மூன்று சார்ட், 60 கனெக்‌ஷன் என்றாலே 11520 எம்பி. 15ஆம் பதிப்பு முதல் ஹாஷுக்கு அதைப் போல இரண்டு மடங்கு வரை போகலாம், பேரலல் வொர்க்கர்கள் வந்தால் ஒவ்வொரு வொர்க்கரும் தன் பங்கைத் தனியாக எடுக்கும். லினக்ஸ் கடைசியில் ஓஓஎம் கில்லரை அனுப்பி போஸ்ட்கிரெஸ் பிராசஸையே கொன்றுவிடும். எல்லோருக்கும் பொதுவாக ஏற்றாமல், பிஐ டூல் உள்ளே வருவதற்கென்று ஒரு தனி ரோல் உருவாக்கி, அந்த ரோலுக்கு மட்டும் வொர்க் மெம்மை உயர்த்தி, கூடவே ஸ்டேட்மென்ட் டைம்அவுட்டும் கனெக்‌ஷன் வரம்பும் போட்டுவிடுங்கள். யாராவது பத்து வருட டேட்டாவை ஒரே கட்டத்தில் இழுத்தால் அந்தக் குவெரி மட்டும் சாகும், டேட்டாபேஸ் பிழைக்கும்.

ரெப்ளிகாவில், அதாவது டேட்டாபேஸோடு கூடவே மாறிக்கொண்டிருக்கும் நகலில், இருந்து படிக்கலாமே என்றால், படிக்கலாம், நல்ல யோசனைதான். ஆனால் போஸ்ட்கிரெஸின் ரெப்ளிகாவான ஸ்டாண்ட்பையில் இயல்பாக 30 விநாடிதான் பொறுமை, மெயினில் இருந்து வரும் மாற்றத்தோடு மோதுகிற குவெரியை அதற்குப் பிறகு வெட்டிவிடும். பிஐக்கான ஸ்டாண்ட்பை என்றால் அந்த அவகாசத்தைக் கூட்டி வைக்க வேண்டும், கொஞ்சம் பின்தங்கினாலும் பரவாயில்லை என்று எல்லோரிடமும் சொல்லி வைக்கவும் வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரில் படிக்கக்கூடிய செகண்டரி (அங்கே ரெப்ளிகாவுக்கு அந்தப் பெயர்) வேண்டுமென்றால் என்டர்பிரைஸ் எடிஷன், ஸ்டாண்டர்டில் வரும் பேசிக் அவைலபிலிட்டி குரூப்பில் செகண்டரியைப் படிக்க முடியாது.

ரெப்ளிகாவும் இல்லை, பில்லிங் டேபிளிலேயே ரிப்போர்ட் ஓட வேண்டிய கட்டாயம் என்றால், எஸ்க்யூஎல் சர்வரில், எழுதப்படும் வரியின் பழைய நகலைப் படிப்பவருக்குக் காட்டும் ரீட் கமிட்டெட் ஸ்னாப்ஷாட்டைப் போடுவதைப் பற்றி யோசியுங்கள். அது இல்லாவிட்டால் நீளமான ரிப்போர்ட் படிக்கிற இடத்தில் பில் எழுதுகிறவர் காத்திருக்க நேரும், எழுதுகிறவருக்காக ரிப்போர்ட்டும் காத்திருக்கும். பழைய வரிகளின் நகல் டெம்ப்டிபி என்ற தற்காலிக டேட்டாபேஸில் சேரும், அதற்கு டிஸ்க் ஒதுக்கிவிட்டுச் செய்யுங்கள்.

டிஸ்க்

5 கோடி வரிகள், வரிக்குச் சராசரி 200 பைட் என்றால் 10 ஜிபி. இதோடு நிற்பதில்லை: இண்டெக்ஸ், இரவு லோடுக்கான ஸ்டேஜிங் நகல், டெம்ப்டிபி, லாக், உள்ளூரில் வைக்கும் பேக்கப் எல்லாம் சேர்த்தால் 50 ஜிபியைத் தொட்டுவிடும். நான் மூல டேட்டாவைப் போல ஐந்து மடங்கு என்று எழுதுவது வழக்கம், இதுவரை யாரும் அதிகம் என்று திருப்பி அனுப்பியதில்லை.

ஆனால் பிஐயில் இடத்தைவிட வேகம்தான் பெரிது. அந்த 10 ஜிபியை முழுக்கப் படிக்க, விநாடிக்கு 150 எம்பி தரும் சுழலும் டிஸ்க்குக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். 2 ஜிபி தரும் என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு 5 விநாடி. அதுவும் ஒருவர் மட்டும் படித்தால்தான், ஐந்து பேர் ஒன்றாகப் படித்தால் சுழலும் டிஸ்க்கின் தலை அங்கேயும் இங்கேயும் ஓடியே நேரம் போகும். ஸ்டோரேஜ் டீம் சொல்லும் ஐஓபிஎஸ் (விநாடிக்கு எத்தனை முறை படிக்க, எழுத முடியும்) எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நம்பாதீர்கள், விண்டோஸில் டிஸ்க்ஸ்பிடி, லினக்ஸில் ஃபியோ, இரண்டும் இலவசம், பெரிய பிளாக்கில் தொடர்ச்சியாகப் படிக்கச் சொல்லி ஓட்டிப் பாருங்கள். இதை டேட்டாபேஸ் நிறுவும் முன் செய்துவிட்டால், பிறகு "உங்கள் குவெரிதான் மோசம்" என்ற சண்டையே வராது.

டெம்ப்டிபியைத் தனி டிரைவில் வையுங்கள், ஃபைல் எண்ணிக்கை கோர் எண்ணிக்கைக்குச் சமமாக, 8 வரை. டேட்டா டிரைவை என்டிஎஃப்எஸ்ஸில் 64 கேபி அலகில் ஃபார்மேட் செய்யுங்கள். டேட்டா, லாக் ஃபைல்களை ஆன்டிவைரஸ் ஸ்கேனிலிருந்து விலக்கச் சொல்லுங்கள், செக்யூரிட்டி டீம் எழுத்தில் கேட்பார்கள், எழுத்திலேயே கொடுங்கள்.

பிராசஸரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விண்டோஸ் சர்வரில் பவர் பிளான் இயல்பாக பேலன்ஸ்டு என்று இருக்கும், ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுங்கள், இரண்டே கிளிக். விர்ச்சுவல் மெஷின் என்றால் ஹோஸ்டின் பயாஸிலும் அதே விஷயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், ரேமை ரிசர்வ் செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஹோஸ்ட் நெருக்கடியில் உங்களுக்குக் கொடுத்த ரேமைப் பலூன் டிரைவர் வழியாகத் திரும்ப வாங்கிக்கொள்ளும். எட்டு விசிபியு (விர்ச்சுவல் பிராசஸர்) என்றால் எட்டு கோர் என்று அர்த்தம் இல்லை, ஹைப்பர்த்ரெடிங்கில் அது நான்கு கோராக இருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எஸ்க்யூஎல் சர்வரில் பேரலலிசத்துக்கான காஸ்ட் த்ரெஷோல்டு (எவ்வளவு கனமான குவெரியைப் பல கோருக்குப் பிரிக்கலாம் என்ற அளவு) இயல்பாக 5, இந்தக் காலத்துக்கு அது மிகவும் குறைவு, நான் 50இல் ஆரம்பித்து அங்கிருந்து பார்த்துக்கொள்கிறேன்.

பிஐ டூலின் சொந்த டேட்டாபேஸ்

உங்கள் டேட்டா ஒரு பக்கம் இருக்க, டாஷ்போர்டு, யூசர், பெர்மிஷன், ஷெட்யூல் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள பிஐ டூலுக்கே ஒரு டேட்டாபேஸ் வேண்டும். ஸ்பெக்கில் இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். மெட்டாபேஸ் என்ற பிஐ டூலை அப்படியே நிறுவினால் ஹெச்2 என்ற ஒரு ஃபைலுக்குள் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும். இன்னொரு டூலான சூப்பர்செட்டில் எஸ்க்யூஎல்லைட். இரண்டும் பழகிப் பார்க்கத்தான், கன்டெய்னரை அழித்து மறுபடி ஏற்றினால் ஆறு மாத டாஷ்போர்டுகள் ஒரே நொடியில் காணாமல் போகும். முதல் நாளே போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்க்யூஎல் கொடுத்துவிடுங்கள். மெட்டாபேஸுக்கு ஒரே நேரத்தில் 20 பேருக்கு ஒரு கோர், 2 ஜிபி ரேம் என்பது அவர்களே சொல்லும் தொடக்கக் கணக்கு, சின்ன மெஷினிலேயே நன்றாக ஓடும், ஏனென்றால் கனமான வேலை டேட்டாபேஸில்தான் நடக்கிறது.

ரிப்போர்ட்டிங் சர்வீசஸ், பவர் பிஐ ரிப்போர்ட் சர்வர் இரண்டிலும் ரிப்போர்ட் சர்வர் டேட்டாபேஸை மட்டும் பேக்கப் எடுத்தால் போதாது. என்கிரிப்ஷன் கீயைத் தனியாக எடுத்து, பாஸ்வேர்டோடு, வேறு மெஷினில் வையுங்கள். கீ இல்லாமல் வேறு மெஷினில் ரிஸ்டோர் செய்தால் ரிப்போர்ட் எல்லாம் இருக்கும், ஆனால் அதில் சேமித்திருந்த டேட்டா சோர்ஸ் பாஸ்வேர்டு ஒன்றைக்கூடத் திறக்க முடியாது, நூற்றுச் சொச்சம் ரிப்போர்ட்டுக்கும் உட்கார்ந்து மறுபடி அடிக்க வேண்டும். சூப்பர்செட்டின் சீக்ரெட் கீக்கும் இதே விதி.

போர்ட், டிரைவர், அக்கவுண்ட்

ஃபயர்வால் டிக்கெட்டுக்கு ஒரு வாரம் ஆகும் என்பது எழுதப்படாத சட்டம், அதனால் போர்ட் பட்டியலை முதலிலேயே கொடுங்கள். எஸ்க்யூஎல் சர்வர் 1433, நேம்டு இன்ஸ்டன்ஸ் (தனிப் பெயரோடு நிறுவியது) இருந்தால் யூடிபி 1434, அனாலிசிஸ் சர்வீசஸ் 2383, அதன் நேம்டு இன்ஸ்டன்ஸுக்கு 2382, போஸ்ட்கிரெஸ் 5432, மைஎஸ்க்யூஎல் 3306, ஆரக்கிள் 1521, மெட்டாபேஸ் 3000, சூப்பர்செட் 8088. யூசர்களுக்கு 443 மட்டும் திறந்து மற்றதை, முன்னால் நின்று வாங்கி உள்ளே அனுப்பும் ரிவர்ஸ் பிராக்ஸிக்குப் பின்னால் வைத்துவிடுங்கள். கிளவுடில் உள்ள பவர் பிஐயை உங்கள் டேட்டாபேஸோடு இணைக்கும் பவர் பிஐ கேட்வே என்றால் உள்ளே வரும் போர்ட் எதுவும் திறக்க வேண்டாம், வெளியே போக 443, 5671, 5672, 9350 முதல் 9354 வரை. கேட்வேக்கு மைக்ரோசாஃப்ட் பரிந்துரைப்பது 8 கோர், 8 ஜிபி, கூடவே எஸ்எஸ்டி. அதை டொமைன் கன்ட்ரோலரில் நிறுவ முடியாது. இரவில் தூங்கப் போகிற லேப்டாப்பில் நிறுவ முடியும், நிறுவியும் இருக்கிறார்கள், காலையில் ரெஃப்ரெஷ் விழுந்திருக்கும்.

டிரைவரில் இரண்டு இடம் கவனியுங்கள். ஒன்று, 32 பிட்டா 64 பிட்டா என்பது. ஆரக்கிள் கிளையன்ட் 32 பிட்டில் நிறுவியிருந்து பிஐ டூல் 64 பிட்டாக இருந்தால் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே செய்யாது, பிழைச் செய்தியும் நேராகச் சொல்லாது. இரண்டு, எஸ்க்யூஎல் சர்வரின் ஓடிபிசி டிரைவர் 18 முதல் என்கிரிப்ஷன் இயல்பாகவே கட்டாயம். 17இல் ஓடிக்கொண்டிருந்த கனெக்‌ஷன் 18க்கு மாற்றியவுடன் "சான்றிதழை வழங்கியவர் நம்பத்தக்கவர் அல்ல" என்ற பொருளில் ஒரு பிழையோடு நிற்கும். சர்வரின் சான்றிதழை நம்பு என்று கனெக்‌ஷன் வரியில் எழுதினால் உடனே ஓடும், அதோடு விட்டுவிடத்தான் எல்லோருக்கும் ஆசை, ஆனால் சரியான சான்றிதழ் ஒன்றைப் போடுவதுதான் முறை.

விண்டோஸ் லாகினோடு யூசர் ரிப்போர்ட்டைத் திறந்து, அதே அடையாளத்தோடு வேறு மெஷினில் உள்ள டேட்டாபேஸுக்குப் போக வேண்டும் என்றால் அந்த அடையாளத்தை அடுத்த மெஷினுக்குக் கடத்தும் கெர்பரோஸ் டெலிகேஷன் வேண்டும். விண்டோஸின் பழைய லாகின் முறையான என்டிஎல்எம்மால் இரண்டாவது தாவல் தாவ முடியாது, பெயரற்ற லாகின் தோல்வி என்று டேட்டாபேஸ் லாகில் விழும். சர்வீஸ் அக்கவுண்டுக்கு எஸ்பிஎன் (டொமைனில் சர்வீஸை அடையாளம் காட்டும் பெயர்) பதிய டொமைன் அட்மினின் கை வேண்டும், இதுவும் டிக்கெட்தான். பவர் யூசர் யாருடைய சொந்த அக்கவுண்டிலும் சர்வீஸை ஓட்டாதீர்கள், அவர் பாஸ்வேர்டு மாற்றும் நாளில் எல்லா ரிப்போர்ட்டும் நிற்கும்.

தமிழ், அரபி, சீனம் போன்ற எழுத்துகள் ரிப்போர்ட்டில் வரும் என்றால் அதற்கான ஃபான்ட்டை ரிப்போர்ட் சர்வரிலும் நிறுவுங்கள். திரையில் அழகாகத் தெரிவது யூசரின் மெஷினில் இருக்கும் ஃபான்ட்டால், பிடிஎஃப் உருவாவது சர்வரில், அங்கே ஃபான்ட் இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக வரும். கட்டத்துக்குப் பதில் கேள்விக்குறி வந்தால் ஃபான்ட் குற்றமில்லை, டேட்டாபேஸில் அந்த நெடுவரிசை எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் என்வார்சாராக இல்லாமல் வார்சாராக இருந்து, எழுத்து சேமிக்கும்போதே போய்விட்டது.

பதிப்பு விஷயம் சுருக்கமாக: ஆப்பரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், பிஐ டூல், டிரைவர், டாட்நெட் அல்லது ஜாவா, இந்த ஐந்தும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று ஒரே டேபிளில் எழுதிப் பாருங்கள், ஆதரவு முடியும் தேதியோடு. எஸ்க்யூஎல் சர்வர் 2014க்கு 2024 ஜூலையில் முடிந்துவிட்டது, 2016க்கு முடிவுத் தேதி 2026 ஜூலை. எஸ்க்யூஎல் சர்வர் 2025இல் ரிப்போர்ட்டிங் சர்வீசஸுக்குப் புதிய பதிப்பே வரவில்லை, அந்த இடத்தில் பவர் பிஐ ரிப்போர்ட் சர்வர்தான். புதிதாக ஆரம்பிப்பவர்கள் நேராக அங்கே போய்விடலாம். ஆனால் அதில் டேட்டாவை உள்ளே வைத்த பவர் பிஐ ரிப்போர்ட்டுகளைப் போட்டால் உள்ளுக்குள் ஒரு அனாலிசிஸ் எஞ்சின் ஓடி ரேமை எடுக்கும், மேலே சொன்ன இரட்டை ரேம் கணக்கு அங்கேயும் வரும்.

ஓட்டிப் பார்த்தல்

லைவுக்கு முன் உண்மையான டேட்டாவின் முழு நகலை ரிஸ்டோர் செய்து அதில் ஓட்டுங்கள். ஆயிரம் வரி மாதிரி டேட்டாவில் எல்லாமே வேகமாகத்தான் ஓடும். டாஷ்போர்டு அனுப்பும் குவெரிகளைப் பிடித்து, ஜேமீட்டரில் அல்லது போஸ்ட்கிரெஸ் என்றால் பிஜிபெஞ்சில் சொந்த ஸ்கிரிப்ட்டாகக் கொடுத்து, முதலில் சொன்ன அந்த 20 பேர் கணக்கில் ஓட்டுங்கள், அதே நேரத்தில் ஒரு முழு ரெஃப்ரெஷையும் பேக்கப்பையும் கிளப்பிவிடுங்கள். மூன்றும் ஒன்றாக ஓடும்போது ரேம் எங்கே நிற்கிறது என்பதுதான் உங்கள் உண்மையான ஸ்பெக்.

லைவ் ஆன பிறகு இரண்டு வாரம் கழித்து, ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் டேட்டாபேஸில் எக்ஸிக்யூஷன் லாக் 3 என்ற வியூவைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு ரிப்போர்ட்டும் ஓடிய நேரத்தை மூன்றாகப் பிரித்து மில்லிவிநாடியில் வைத்திருக்கும்: டேட்டா எடுக்க ஆனது, பிராசஸ் செய்ய ஆனது, ரெண்டர் செய்ய ஆனது. இயல்பாக 60 நாள் வரலாறு இருக்கும். 40 விநாடி ரிப்போர்ட்டில் 37 விநாடி டேட்டா எடுக்கப் போயிருந்தால், ரிப்போர்ட் சர்வருக்கு ரேம் கேட்டு மெயில் போடுவதில் பயனில்லை, இண்டெக்ஸ் பக்கம் போங்கள். ரெண்டர் செய்ய 30 விநாடி என்றால் யாரோ இரண்டு லட்சம் வரியை எக்செல்லில் இறக்கிக்கொண்டிருக்கிறார், அது யார் என்ற பெயரும் அதே வரியில் இருக்கும். அவருக்கு ஒரு சிஎஸ்வி ஃபைலை இரவே தயாரித்து ஒரு ஃபோல்டரில் வைத்துவிடுங்கள்.